நகர்த்தி வைத்த ஊர்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மேசைக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு நீலப் பெட்டியிலிருந்து வந்தது. பெட்டி என்னுடையதல்ல, எதிர்வீட்டு வெற்றிசெல்வனுடையது. இன்று வெள்ளிக்கிழமை. மணி ஒன்பது ஐம்பது. பத்தே முக்காலுக்கு அவனைத் திருச்சி விமான நிலையத்துக்குக் கூட்டிப்போகக் கார் வருகிறது. மூன்று வருட ஒப்பந்தத்தில் கத்தாருக்குப் போகிறான். அதற்குள் நான் அவனிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எழுந்து தெருவைக் கடந்தால் இருபது தப்படி. நான் எழுந்திருக்காமல் நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு கதை எழுதுகிறேன்.

பெட்டி ஏன் என் வீட்டில் இருக்கிறது என்று கேட்பீர்கள். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு ராகு காலம். கார்க்காரருக்குப் பள்ளிக்கூட ட்ரிப் இருக்கிறது, முன்னதாக வர முடியாது. இப்படி மாட்டிக்கொண்டால் எங்கள் பக்கம் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நல்ல நேரத்திலேயே பெட்டியைத் தூக்கி இன்னொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். பெட்டி நகர்ந்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டது. ஆள் பிறகு ராகு காலத்தில் கிளம்பினாலும் தோஷம் இல்லை. என் பெயர் சூசைராஜ். எங்கள் வீட்டில் ராகு காலமும் கிடையாது, குளிகையும் கிடையாது. அதனால்தானோ என்னவோ, தெருவில் பாதிப் பேர் பெட்டியை என் வீட்டில்தான் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

(நான் இதைப் பார்த்துப் பல வருடமாகக் கேலி செய்துகொண்டிருந்தேன். நேற்று மதியத்திலிருந்து கேலி வரவில்லை.)

2

மூன்று தொடக்கங்களை எழுதி அடித்திருக்கிறேன். அடித்ததையும் உங்களுக்குக் காட்டுகிறேன்.

“திருக்கோகர்ணத்தில், ஒரே வீட்டில் வாழ்ந்துகொண்டு எட்டு மாதமாகப் பேசிக்கொள்ளாத கணவனும் மனைவியும் இருந்தார்கள்.” உண்மைதான். ஆனால் ‘இருந்தார்கள்’ என்று எழுதியதுமே எல்லாம் முடிந்துபோன மாதிரி இருக்கிறது. இன்னும் ஐம்பது நிமிடம் பாக்கி இருக்கிறது.

“லினக்ஸ் கணினியில் விளையாட்டுக்கான எக்ஸ்பான்ஷனை நிறுவும்போது கவனிக்க வேண்டியவை.” இதை எழுதினால் எனக்கு நன்றாகவே வரும். கல்லூரியில் கணினி லேப் உதவியாளன் நான், பையன்களுக்கு இதைத்தான் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்வதை நானே கடைப்பிடித்திருந்தால் இந்தக் கதை இல்லை.

“நேற்று இரண்டே கால் மணிக்கு வெற்றிசெல்வன் ஏதோ ஒரு கோபத்தில் எண்டர் பொத்தானை அழுத்த, திரையிலிருந்த—”

இல்லை. அவன் அழுத்தவில்லை. அவன் அப்போது வீட்டிலேயே இல்லை. அழுத்தியது நான்.

3

எழுதியாகிவிட்டது. இனி ஒழுங்காகச் சொல்கிறேன்.

வெற்றியின் மனைவி பெயர் பிரகதாம்பாள். பிரகதா என்போம். மாலையில் வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுக்கிறாள். போன தடவை கத்தாரிலிருந்து திரும்பி வந்தபோது, இனிமேல் போகமாட்டேன் என்று வெற்றி அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். இரண்டு வருடம் இங்கே இருந்து பார்த்தான், எந்த வேலையும் ஒட்டவில்லை. பிறகு ஒரு நாள் அவளிடம் கேட்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான். அவள் அதை ஜெராக்ஸ் கடைக்காரர் வாயால் தெரிந்துகொண்டாள். அன்றைக்கு நிறுத்திய பேச்சுதான். விசாவும் மெடிக்கலும் இழுத்துக்கொண்டே போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. இந்த எட்டு மாதமும் வெற்றியின் அம்மா அமுதவல்லி இரண்டு பேருக்கும் நடுவே சோற்றையும் சேதியையும் கடத்திக்கொண்டிருந்தார்.

ஆனால் அந்த வீட்டில் ஒரு பழைய கணினி உண்டு. விண்டோஸ் அதில் மூச்சுவாங்கியதால் அதற்குப் பதிலாக லினக்ஸ் என்கிற இலகுவான இயங்குதளத்தை நான்தான் போட்டுக்கொடுத்தேன். அதில் ஊர் கட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. (பெயரைச் சொல்லமாட்டேன். விளையாட்டின் மேல் எந்தத் தப்பும் இல்லை.) வெறும் தரையில் ரோடு போட்டு, வீடு கட்டி, தண்ணீர் கொண்டுவந்து, ஆட்களைக் குடியேற்ற வேண்டும். மதியம் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை வெற்றி விளையாடுவான். ட்யூஷன் முடிந்ததும் ஆறரைக்கு அவள் உட்காருவாள். இரண்டு பேரும் ஒரே ஊரைத்தான் கட்டினார்கள். யாரும் அப்படி ஏற்பாடு செய்துகொள்ளவில்லை, அவர்கள்தான் பேசிக்கொள்வதில்லையே. அவன் போட்ட ரோட்டின் ஓரத்தில் அவள் மரம் வைத்தாள். அவள் பள்ளிக்கூடம் கட்டினால் மறுநாள் மதியம் அதற்குத் தண்ணீர் வந்துவிடும். ஒரு தெருவுக்கு அவன் அவள் பெயரை வைத்தான். அவள் அந்தத் தெருவையே இடித்துப்போட்டாள். பத்து நாள் கழித்து, அதே தெருவைப் பெயர் இல்லாமல் அவளே திரும்பக் கட்டினாள்.

அமுதவல்லி சாயங்காலமானால் மருமகளுக்குப் பின்னால் வந்து நிற்பார். இன்றைக்கு அவன் என்ன கட்டியிருக்கிறான் என்று விசாரிப்பார். அந்த ஊர் நன்றாக இருந்தால் அவருக்கு ராத்திரி தூக்கம் வரும். என்னிடமே இதைச் சொல்லியிருக்கிறார்.

ஆகவே அழிந்தது விளையாட்டு ஊர்தானே என்று நீங்கள் நினைத்தால், இதோடு படிப்பதை நிறுத்திவிடலாம்.

4

இப்போது அந்த எக்ஸ்பான்ஷன். விளையாட்டு வந்து கொஞ்ச காலம் கழித்து, அதனோடு சேர்த்துக்கொள்ள ஒரு புதுப் பகுதி விடுவார்கள். இந்த விளையாட்டுக்கு வந்தது ஒரு துறைமுகம். கல்யாணமான புதிதில் வெற்றி அவளைக் கோட்டைப்பட்டினத்துக்கு அழைத்துப்போய் விசைப்படகுகளைக் காட்டியிருக்கிறான். ஒரு பகல் முழுக்க இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்களாம். அவன் கிளம்புவதற்குள் ஊருக்குத் துறைமுகம் வர வேண்டும் என்று பிரகதா ஆசைப்பட்டாள். அந்த எக்ஸ்பான்ஷனை வாங்கிவிட்டு எனக்குப் போன் செய்தாள்.

இது விண்டோஸுக்காகச் செய்த விளையாட்டு. லினக்ஸில் அதை ஓட வைக்க நடுவே ஒரு மென்பொருள் வேண்டும். விளையாட்டு பேசுவதை அது கணினிக்குப் புரிய வைக்கும். அது கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃபோல்டரை உண்டாக்கி, அதற்குள் ஒரு பொய் விண்டோஸை வைத்திருக்கும். விளையாட்டும் அதற்குள், சேமித்த ஊரும் அதற்குள். எக்ஸ்பான்ஷன் அந்தப் பழைய ஏற்பாட்டில் உட்கார மறுத்தது. புதிதாக ஒன்று உண்டாக்க வேண்டும், டிஸ்க்கில் அதற்கு இடம் இல்லை, எனவே பழையதை அழிக்க வேண்டும். ஊரை மட்டும் முன்னாலேயே வெளியே எடுத்துவைத்துக்கொண்டால் பிரச்சினையே இல்லை.

நேற்றுக் காலை போனில் பிரகதாவுக்கு இடத்தைச் சொல்லி, ஊர் இருக்கும் ஃபோல்டரைக் காப்பி எடுத்து டெஸ்க்டாப்பில் வைக்கச் சொன்னேன். மதியம் இரண்டு மணிக்கு வருகிறேன் என்றேன். வியாழக்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்று ராகு காலம். அமுதவல்லிக்கு அது பொறுக்கவில்லை. மகன் புறப்படுவதற்கு முந்தின நாள், அதுவும் அந்த ஊர் விஷயம். பெட்டியை எடுத்து வைப்பதுபோல அதையும் நல்ல நேரத்திலேயே எடுத்து வெளியே வைத்துவிடு என்று மருமகளிடம் சொல்லியிருக்கிறார். பதினோரு மணிக்குள் பிரகதா வைத்துவிட்டாள். ஆனால் காப்பி எடுக்கவில்லை. கட் செய்து நகர்த்தினாள். பெட்டிக்கு நகல் எடுத்து அதையா பக்கத்து வீட்டில் வைக்கிறோம்? நகர்ந்தால்தானே கணக்கு?

பன்னிரண்டு மணிக்கு வெற்றி வந்து உட்கார்ந்தான். விளையாட்டைத் திறந்தால் ஊரைக் காணோம். பதறித் தேடியதில் டெஸ்க்டாப்பில் புது ஃபோல்டர் ஒன்று தெரிந்தது. அதிலிருந்து ஊரை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தான். விளையாடினான். ஒரு மணிக்கு எழுந்து கடைக்குப் போய்விட்டான். இதை அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வான்?

இரண்டு மணிக்கு நான் போனேன். நகர்த்தி வைத்துவிட்டதாக அவள் சொன்னாள். டெஸ்க்டாப்பில் ஃபோல்டர் இருந்தது. நான் அதைத் திறந்து பார்க்கவில்லை. இருபது வருடமாக இந்த வேலை பார்க்கிறேன், திறந்து பார்க்கவில்லை. டெர்மினல் என்கிற கறுப்புத் திரையில் அழிக்கும் கட்டளையைத் தட்டி எண்டரை அழுத்தினேன்.*

* அங்கே அழித்தால் குப்பைத்தொட்டிக்குப் போகாது. ஒரேயடியாகப் போய்விடும்.

புதியதை நிறுவினேன், விளையாட்டைத் திறந்தேன், துறைமுகம் வந்திருந்தது. ஊர்ப் பட்டியல் காலியாக இருந்தது. அப்போதுதான் டெஸ்க்டாப் ஃபோல்டரைத் திறந்தேன். அதிலும் ஒன்றுமில்லை. பிரகதா டீ போட உள்ளே போயிருந்தாள். நான் திரையை அணைத்தேன். அப்டேட் ஓடிக்கொண்டிருக்கிறது, சாயங்காலம் வரை தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டீயையும் குடித்துவிட்டு வந்தேன்.

5

இந்த இடத்தில் ஒரு சந்தேகம். மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். அமுதவல்லியின் மேல் பழி விழும்படி எழுதியிருக்கிறேன். நல்ல நேரம் பார்க்கும் மாமியார் என்றால் வாசகர்கள் உடனே நம்பிவிடுவார்கள், எனக்கும் வசதி. நகர்த்தியவளைச் சொல்லலாம், திருப்பி வைத்தவனைச் சொல்லலாம். எழுதத் தெரிந்தவனுக்குப் பழியைப் பங்கு பிரிப்பது பெரிய வேலையில்லை. ஆனால் ஃபோல்டரைத் திறந்து பார்ப்பது அவர்கள் யாருடைய வேலையும் அல்ல.

நேற்று ராத்திரி பிரகதா எனக்கு ஒரு செய்தி அனுப்பினாள். “அவரு ஊர எடுத்து அழிச்சிட்டுப் போறாரு அண்ணே. நான் வெளிய வச்சத எடுத்திருக்காரு. ஒண்ணும் மிச்சம் வைக்கல.” பார்க்கிறேன்மா என்று பதில் போட்டேன்.

இன்று காலை ஒன்பதரைக்கு வெற்றி பெட்டியோடு வந்தான். பெட்டியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றான். நேற்று மதியம் தான் செய்ததைச் சொன்னான். பள்ளிக்கூடத்துக்கு அங்கிட்டு, கடலை ஒட்டி, அவள் எதுவும் கட்டாமல் விட்டுவைத்திருந்த காலி மனையில் ஒரு பெயர்ப்பலகை வைத்திருக்கிறான். பலகையில் இருபது எழுத்துக்கு மேல் கொள்ளாது. அவன் எழுதியது இதுதான்: நீ சொன்னா போகல. இன்று விடிந்ததும் பதில் இருக்கிறதா என்று திறந்து பார்த்தால் ஊரே இல்லையாம்.

“பாத்துட்டுத்தான்டா சூசை அழிச்சிருக்கா. ஒரு வார்த்த எழுதியிருக்கலாம். ஊரையே இல்லாமப் பண்ணிட்டா.”

நீ வந்தப்ப ஊர் இருந்ததா என்று கேட்டான். நான் பார்க்கலைடா என்றேன். அது பொய்யில்லை. இதுவரை நான் சொன்ன பொய்களிலெல்லாம் கேவலமானதும் அதுதான்.

6

மணி பத்து பத்து. சில முடிவுகளை எழுதிப்பார்க்கிறேன்.

முடிவு ஒன்று. வெற்றி வருகிறான். பெட்டியைக் கொடுக்கிறேன், தோளில் தட்டுகிறேன். கார் போகிறது. ஊர் அழிந்த கதை மூன்று வருடத்தில் ஆறிவிடும். (ஆறாது. அவள் சொன்னால் நிற்கிறேன் என்று ஒருவன் எழுதி வைத்தது அவள் கண்ணில் படவே இல்லை என்பதை நான் ஒருவன் மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு எதிர்வீட்டில் எப்படி இருப்பேன்?)

முடிவு இரண்டு. ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு தடவை எடுத்த ஊரின் பிரதி என் பென்டிரைவில் கிடக்கிறது. அதைப் போட்டுவிட்டு, மீட்டுவிட்டேன் என்று சொல்லலாம். அதில் பள்ளிக்கூடம் இருக்காது. அவள் இடித்து மறுபடி கட்டிய தெரு, இடிக்காமல் அவள் பெயரோடு இருக்கும். பலகை இருக்காது. இருவரும்—

இதை எழுதவே கூசுகிறது. விடுகிறேன்.

முடிவு மூன்று. வெற்றியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அவன் போகாமல் நின்றுவிடுகிறான். அழகான முடிவு. ஆனால் இங்கே வேலை கிடைக்காமல் அவன் இரண்டு வருடம் அலைந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். நாளைக்கு ஒரு கஷ்டம் வந்தால், அன்றைக்கு என்னை நிற்கவைத்தது நீதானே என்று என் முகத்தைப் பார்ப்பான். உண்மையைச் சொன்னால் இந்தப் பயம் எனக்கு மிச்சம். சொல்லாமல் விட்டதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான், மீதி வெட்கம்.

மூன்று முடிவிலும் ஒரு தப்பு இருக்கிறது, இப்போதுதான் கண்ணில் படுகிறது. மூன்றிலும் வெற்றியிடம் என்ன சொல்வது என்றே யோசித்திருக்கிறேன். அந்தப் பலகை வெற்றிக்கு எழுதியது அல்லவே. எழுதியது அவளுக்கு. அவன் கேட்டான், அவளுக்குக் கேள்வியே போய்ச் சேரவில்லை, பதில் வரவில்லை என்று அவன் கிளம்புகிறான். நடுவில் கேள்வியை வைத்துக்கொண்டு ஒருவன் கதை எழுதிக்கொண்டிருக்கிறான்.

பேனாவை வைக்கிறேன்.

7

போன் செய்தேன். அது நடந்தபடியே:

எடுத்ததும் பிரகதா, அவர் பெட்டி எடுக்க வந்துவிட்டாரா என்று கேட்டாள். ஜன்னலில் பார்த்தேன், எதிர்வீட்டு வாசலில் அவன் செருப்பு இன்னும் கிடந்தது. இல்லை என்றேன். பிறகு நிறுத்தாமல் சொல்லிவிட்டேன். ஊரை அவன் அழிக்கவில்லை, நான் அழித்தேன். அவன் ஊரைத் திருப்பி உள்ளே வைத்திருந்தான், நான் பார்க்காமல் அழித்தேன், தெரிந்தும் மறைத்தேன்.

அந்தப் பக்கம் சமையலறைக் குழாய் ஓடுவது மட்டும் கேட்டது. அதையும் மூடினாள்.

“அவரு எதுக்கு அத உள்ள வச்சாரு?”

பலகை வைக்க என்றேன். பலகையில் இருந்ததைச் சொன்னேன். மூன்று வார்த்தை.

“எங்கிட்டு வச்சிருந்தாரு?”

கடல் ஓரத்துக் காலி மனையில் என்றேன். அது ஹார்பருக்காக அவள் விட்டுவைத்த இடமாம். அவருக்கும் அது தெரியும், அதனால்தான் அங்கே வைத்திருக்கிறார் என்றாள். குரல் உடைந்தது. கொஞ்ச நேரம் அழுதாள், நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

“நேத்தே ஏன்ணே சொல்லல?”

“பயந்துட்டேன்மா.”

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தச் சமயத்தில் என் கதவு தட்டப்பட்டது. வெற்றி வந்துவிட்டான். ஜன்னலை விட்டு நான் எப்போது திரும்பினேன் என்று தெரியவில்லை, அவன் தெருவைக் கடந்ததைப் பார்க்கவே இல்லை.

8

இதை என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

கதவைத் திறந்ததும் அவனிடம் சொன்னேன்: “ஊர அழிச்சது நான்டா. அவ உன் போர்டப் பாக்கவே இல்ல. லைன்ல இருக்கா.” போனை நீட்டினேன். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு மாதம் பேசாத ஆளுக்குப் போனைக் காதில் வைக்கக் கை வரவில்லை. எதிர்வீட்டுக்கே போய்விடேன் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. எப்படிப் பேச வேண்டும் என்றுகூடச் சொல்லிக்கொடுக்க நான் யார். போனை அவன் கையில் வைத்துவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

அவர்களில் யார் முதலில் பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. பேசினார்களா என்பதே தெரியாது. கதை எழுதுகிறவன் நான், உள்ளே நடப்பதை இங்கிருந்தே எழுதிவிட முடியும். அவள் போகாதே என்று சொல்வதாக எழுதலாம். போய்விட்டு வா, இந்தத் தடவை நான் சொல்லித்தான் போகிறாய் என்று சொல்வதாகவும் எழுதலாம், அதுவும் அவளுக்குப் பொருந்தும். இரண்டையும் எழுதப் போவதில்லை. அவர்கள் சொன்னது ஒன்றை ஏற்கெனவே என் கையால் தொலைத்திருக்கிறேன். இதற்குமேல் அவர்கள் வாயில் என் வார்த்தையை வைக்கமாட்டேன். முடிவு வேண்டுமென்றால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

மணி பத்து ஐம்பத்தைந்து. கார் வந்து நிற்கிறது. அமுதவல்லி தெருவைக் கடந்து வந்து, பெட்டி ஏன் இன்னும் வெளியே வரவில்லை, நேரமாகிறதே என்று கேட்டார். உள்ளே பிரகதாவோடு போனில் இருக்கிறான் என்றேன்.

“யாரு, அவுக ரெண்டு பேருமா?”

ஆமாம் என்றேன். அவர் என் பக்கத்தில் படியில் உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் நேரத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.

டிரைவர்தான் இறங்கி வந்தார். பதினொன்றுக்குக் கிளம்பாவிட்டால் கஷ்டம், ஏர்போர்ட்டுக்கு ஆள் வருகிறாரா இல்லையா என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். தெரியாதென்றால் யாரைக் கேட்பது என்றார். அமுதவல்லி நிமிர்ந்து பார்த்தார்.

“கொஞ்சம் இருங்க தம்பி. பேசிக்கிட்டு இருக்காக.”

டிரைவர் போய் என்ஜினை அணைத்தார்.